வான்வழிக் குலுக்கமும் மனநடுக்கமும்

உள்ளத்தே தோன்றி உடலின்வழிப் புலப்படும் மெய்ப்பாடுகள் எட்டு என்பது தொல்காப்பியர் துணிபு. அவற்றுள் அச்சமும் ஒன்று. அணங்கு, கொடுவிலங்கு, கள்வர், தமக்குத் தலைவராயினார் என்னும் நான்கினையும் நிலைக்களமாகக் கொண்டு அச்சம் பிறக்கும் என்று அவர் வகுத்துரைத்தார். அவர் காலத்து மக்கள் நிலத்திலே நடந்தும் நீரிலே கலம் செலுத்தியும் வாழ்ந்தவர்கள். வானவூர்தி என்னும் பெயர் புறநானூற்றிலேயே காணப்படினும், அது புலவர் நாவில் இருந்ததேயன்றி, மக்கள் ஏறிச் செல்லும் பொருளாய் இருந்ததில்லை. இன்றோ அது நாள்தோறும் பல இலக்கம் மக்களைச் சுமந்து செல்கின்றது. அங்ஙனம் செல்வோருள் ஒரு சாரார், ஊர்தி நிலத்தை விட்டு எழுந்த நொடி முதல் மீண்டும் நிலத்தைத் தொடும்வரை, இருக்கையின் கைப்பிடியைப் பற்றிய பிடியைத் தளர்த்துவதில்லை. அவர்தம் முகம் வெளிறும், நா வறளும், உள்ளங்கை வியர்க்கும். ஊர்தி சிறிது குலுங்கினும் உயிர் போயிற்று என்றே எண்ணுவர்.

இவர்களைக் கோழைகள் என்று நகைத்தல் அறிவுடைமை ஆகாது. அமெரிக்காவில் வாழ்ந்த ஐசக் அசிமோவ் என்னும் எழுத்தாளர் (1920–1992), விண்மீன் கூட்டங்களுக்கு இடையே மாந்தர் கலம் ஊர்ந்து செல்வதாகப் புனைகதைகள் பல எழுதியவர். அறிவியற் கருத்துகளை எளிய நடையில் விளக்குவதிலும் வல்லவர். வானவூர்தியில் அவர் தம் வாழ்நாளில் ஏறியது இருமுறையே. அவர்தம் கற்பனை விண்மீன்களிடையே உலாவியது. அவரோ தொடர்வண்டியில் ஏறி ஊர் சென்றார். ஹாலந்து நாட்டுக் கால்பந்து வீரர் டென்னிஸ் பெர்காம்ப் என்பவர், 1994-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டிக்குப் பின்னர் வான்வழிப் பயணத்தை அறவே விடுத்தார். அயல்நாட்டு ஆட்டங்களுக்கு அவர்தம் குழுவினர் பறந்து செல்ல, அவர் தரைவழியே செல்வார். தொலைவு மிகுதியாயின் ஆட்டத்தையே இழப்பார். அறிவுடையாரையும் ஆற்றலுடையாரையும் இவ்வச்சம் விட்டுவைப்பதில்லை என்பது இவற்றால் விளங்கும்.

ஒருவர் அஞ்சினால் பறவாது இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். இழப்பு உண்டு. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், அமெரிக்காவில் நான்கு வானவூர்திகளைக் கொடியோர் கைப்பற்றி மோதி அழித்தனர். அந்நிகழ்ச்சிக்குப் பின்னர் அந்நாட்டு மக்களுள் மிகப் பலர் வானவூர்தியில் ஏற அஞ்சி, நெடுந்தொலைவுகளையும் காரிலேயே கடக்கலாயினர். அடுத்த ஓராண்டுக் காலத்துச் சாலை விபத்துக் கணக்குகளை ஆராய்ந்த கெர்டு கிகெரென்சர் என்னும் செருமானிய உளநூல் அறிஞர், இம்மாற்றத்தால் மட்டும் ஏறத்தாழ 1,500 பேர் கூடுதலாகச் சாலைகளில் இறந்துபட்டனர் என்று மதிப்பிட்டார். இடருக்கு அஞ்சியவர்கள், அதனினும் பெரிய இடரின் வாயிற் சென்று வீழ்ந்தனர். சாலை இறப்பு ஒருவர் இருவராக நிகழ்தலின் கண்ணில் படுவதில்லை. வானத்து இறப்போ ஒருங்கே நிகழ்தலின் உலகெங்கும் பேசப்படுகின்றது. பேசப்படுவதையே மனம் பெரிதாக எண்ணுகின்றது.

இவ்வச்சம் எங்கிருந்து பிறக்கின்றது? மாட்டுவண்டியில் செல்பவன் வண்டி ஆடினால் அஞ்சுவதில்லை. பாதையிற் கிடக்கும் கல்லை அவன் காண்கின்றான். வேண்டுமாயின் இறங்கியும் நடப்பான். வானவூர்தியில் இவ்விரண்டும் இல்லை. குலுக்கத்தின் காரணம் கண்ணுக்குப் புலனாவதில்லை; இறங்கி நடத்தற்கும் வழியில்லை. ஊர்தியைச் செலுத்துவோர் எவர் என்பதும் தெரியாது. தன்னை முழுதும் பிறர் கையில் ஒப்புவித்துவிட்டு வாளா இருத்தல் சிலருக்கு மிக அரிய செயலாகும். இத்தகையோர் தாமே கார் ஓட்டும்போது எவ்வளவு விரைந்தாலும் அஞ்சார்.

இதனோடு உடலும் ஒரு வஞ்சனை செய்கின்றது. நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்களும், நுண்ணிய சுண்ணத் துகள்களைத் தாங்கிய இரு சிறு பைகளும் உள்ளன. உடல் எப்பக்கம் சாய்கின்றது, எப்பக்கம் தள்ளப்படுகின்றது என்பவற்றை மூளைக்கு உணர்த்துவன அவையே. அவை விரைவை அறிய மாட்டா. விரைவில் நேரும் மாற்றத்தை மட்டுமே அறியும். மணிக்கு 900 கிலோமீட்டர் விரைவில் சீராகச் செல்லும் ஊர்தியில் ஒருவர் அமைதியாகத் தேநீர் அருந்துவது இதனாலேதான். ஊர்தி மேலெழுந்த சிறிது நேரத்தில், விமானி எந்திரத்தின் உந்துவிசையைக் குறைத்து, மூக்கைச் சற்றுத் தாழ்த்துவார். ஊர்தி அப்பொழுதும் மேல்நோக்கியே ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் முழக்கம் தணிவதைக் கேட்ட செவியும், ஏற்றம் குறைந்ததை உணர்ந்த உட்செவியும், ‘வீழ்கின்றோம்’ என்று மூளைக்குப் பொய்யுரை பகரும். அச்சமுடையார் பலர் முதலில் திடுக்கிடும் இடம் இதுவேயாகும். சக்கரங்கள் உள்ளே மடங்கும்போது எழும் ‘தட்’ என்னும் ஓசையும் அவ்வாறே. காரணம் தெரிந்தவருக்கு அது கதவு சாத்தும் ஓசை. தெரியாதவருக்கு அஃது ஊர்தி உடையும் ஓசை.

இனிக் குலுக்கத்திற்கு வருவோம். ‘ஏர் பாக்கெட்’ என்றும், ‘காற்றுப் பள்ளம்’ என்றும் மக்கள் இதனை வழங்குவர். காற்றே இல்லாத குழி ஒன்று வானத்தில் இருப்பது போலவும், ஊர்தி அதனுள் வீழ்வது போலவும் ஒரு தவறான பொருளை அச்சொற்கள் தருகின்றன. பிழைபட்ட சொல் பிழைபட்ட அச்சத்தை வளர்க்கும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை. வானத்தில் அத்தகைய குழி எதுவும் இல்லை. காற்றும் நீரைப் போல ஓடும் பொருளே. புதுவெள்ளம் வரும்போது ஆற்றங்கரையில் நின்று நோக்கினால் இதனை அறியலாம். நடு ஆற்றில் நீர் விரைந்து ஓடும். கரையோரம் மெல்ல ஓடும். இரண்டும் உரசும் இடத்திலே சுழல்கள் தோன்றும். நீரினுள் பாறை இருப்பின், அதன்மேல் ஏறி இறங்கும் நீர், பாறையைக் கடந்த பின்னும் நெடுந்தொலைவு மடிப்பு மடிப்பாக அலைந்து செல்லும். இவ்விரு காட்சிகளும் வானத்திலும் உண்டு. நீரைக் காண்கின்றோம், காற்றைக் காண்கிலோம். வேறுபாடு அவ்வளவே.

பாறையின் தொழிலை வானத்தில் மலை செய்கின்றது. மலையைக் கடந்த காற்று அலையலையாக எழுந்து வீழ்தலின், மலைகளுக்கு மேலும் அவற்றுக்கு அப்பாலும் ஊர்தி குலுங்குதல் இயல்பு. வெயிலும் ஒரு காரணமாகும். உச்சிவேளையில் பாறையும் மணலும் விரைந்து சூடேறும். ஏரியும் வயலும் அவ்வளவு சூடேறா. சூடேறிய நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழும். அதனை அடுத்துள்ள குளிர்ந்த காற்று கீழிறங்கும். பருந்து சிறகடியாமலே வட்டமிட்டு உயர ஏறுவது இம்மேலெழு காற்றின் துணை கொண்டுதான். பருந்தைத் தூக்கும் காற்றே ஊர்தியையும் தூக்கி இறக்குகின்றது. குலுக்கத்திற்கு மிக அஞ்சுவோர் விடியற்காலையில் புறப்படும் ஊர்தியைத் தேர்தல் நன்று என்பதற்கு ஏது இதுவே. இடிமுகிலினுள் இவ்வேற்றமும் இறக்கமும் மிகக் கடுமையாக இருக்கும். ஆனால் முகிலில் உள்ள மழைத்துளிகளை ஊர்தியின் மூக்கில் அமைந்த ராடார் தொலைவிலேயே கண்டறிதலின், விமானிகள் கொடிய இடிமுகிலை 20 மைல் தொலைவேனும் விலகிச் செல்ல முயல்வர்.

ராடாருக்கும் அகப்படாத ஒரு கொந்தளிப்பு உண்டு. அது தெளிந்த வானத்தில் நிகழ்வது. நிலத்திலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், ஆறு போலக் குறுகி நீண்டு, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் ஓடும் காற்றோட்டங்கள் உள்ளன. குளிர்காலத்தில் அவற்றின் விரைவு 300 கிலோமீட்டரையும் கடப்பதுண்டு. இவற்றை ஜெட் காற்றோட்டம் என்பர். இதனை முதலில் அளந்தறிந்தவர் ஜப்பான் நாட்டு வானிலை அறிஞர் வசாபுரோ ஓயிசி என்பவர். 1920-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அவர் ததேனோ என்னும் ஊரிலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு இதனைக் கண்டார். உலகோர் அனைவரும் படித்தறிய வேண்டும் என்னும் விருப்பத்தால், தம் ஆராய்ச்சியை எஸ்பெராண்டோ என்னும் ஆக்கமொழியில் 1926-இல் வெளியிட்டார். எல்லார்க்கும் பொதுவாகுக என்று ஆக்கப்பட்ட மொழியில் எழுதியமையாலேயே அதனைப் படித்தார் மிகச் சிலராயினர்! இரண்டாம் உலகப் போரில், 1944-இல் ஜப்பானின்மேல் பறந்த அமெரிக்க விமானிகள் அக்காற்றில் நேரே சென்று அகப்பட்ட பின்னரே அதன் பெருமை பலர்க்கும் புலனாயிற்று. தென்னிந்தியாவின் மேலும் இத்தகைய ஓர் ஓட்டம் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் அதனை 1950-க்குப் பின்னர் ஆராய்ந்து உலகிற்கு அறிவித்தவர் இந்திய வானிலை அறிஞர் கோட்டேசுவரம் ஆவார்.

இக்காற்றோட்டத்தின் விளிம்பில், விரைந்த காற்றும் மெல்லிய காற்றும் உரசுமிடத்தில் தோன்றும் சுழல்களே தெளிவானக் கொந்தளிப்பு. அங்கே மழைத்துளி இன்மையின் ராடார் அதனைக் காட்டாது. புவி வெப்பமடைதலால் இது மிகுந்து வருகின்றது என்றும் ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். வட அட்லாண்டிக் கடலின்மேல் ஓரிடத்தில் கடுங்கொந்தளிப்பு நிலவும் நேரம், 1979-இல் ஆண்டுக்கு 17.7 மணியாக இருந்தது 2020-இல் 27.4 மணியாக உயர்ந்துள்ளது என இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்டனர். ஓராண்டில் மொத்த மணி 8,760 என்பதனையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கொந்தளிப்பு உண்டு, அது மிகுந்தும் வருகின்றது, ஊர்தி அதனைத் தாங்குமா என்பதே அஞ்சுவோர் வினா. சாளரத்தின் வழியே நோக்குவோர், இறக்கை மேலும் கீழும் ஆடுவதைக் கண்டு ஒடிந்துவிடுமோ என்று கலங்குவர். ஆடாத இறக்கையே அஞ்சத்தக்கது. நம் கடற்கரை மீனவரின் கட்டுமரத்தை நோக்குக. கட்டைகள் கயிற்றால் பிணிக்கப்பட்டிருத்தலின் அது அலைக்கேற்ப நெகிழ்ந்து கொடுக்கின்றது. அலை அதனை உடைப்பதில்லை. அதன் பெயரை ஆங்கிலேயரும் தம் மொழியிற் கடன் கொண்டனர். இறக்கையும் அங்ஙனம் வளைந்து கொடுக்குமாறு அமைக்கப்பட்டதே. ஊர்தி தன் வாழ்நாளில் எதிர்கொள்ளத்தக்க மிகப் பெரிய விசை இதுவென்று முதலிற் கணிப்பர். அதனினும் ஒன்றரை மடங்கு விசையை இறக்கை தாங்கிக் காட்டினாலன்றி அவ்வகை ஊர்தி பறக்க இசைவு பெறாது. 1995-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவில் போயிங் 777 என்னும் ஊர்தியின் இறக்கைகளைக் கம்பிவடங்களால் மேல்நோக்கி இழுத்துச் சோதித்தனர். அவை ஏறத்தாழ 24 அடி மேல்நோக்கி வளைந்தன. கணித்த பெருவிசையில் 154 விழுக்காட்டை எட்டிய பின்னரே முறிந்தன. வழக்கமான குலுக்கத்தில் இறக்கை வளைவது இதில் ஒரு சிறு பங்கேயாம்.

கொந்தளிப்பால் ஊர்தி ஒருகாலும் வீழ்ந்ததில்லை என்று சிலர் ஆறுதல் கூறுவதுண்டு. அது மெய்யன்று, பொய்யான ஆறுதல் அச்சத்தைத் தீர்க்காது. 1966-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள், டோக்கியோவிலிருந்து ஹாங்காங் நோக்கிப் புறப்பட்ட பிரித்தானிய ஊர்தி ஒன்று, வானம் தெளிந்திருந்த வேளையில் பியூஜி மலையின் அருகே சென்றது. மலையைக் கடந்து வந்த கடுங்காற்றின் அலைகளிற் சிக்கி அது வானிலேயே சிதைந்தது; அதில் இருந்த 124 பேரும் மாண்டனர். மலையலைக் காற்றின் கொடுமையை விமானிகள் உள்ளவாறு உணர்தற்கு அந்நிகழ்ச்சி பெருங் காரணமாயிற்று. இன்று வானிலை அறிஞர் கொந்தளிப்பு நிலவும் இடங்களை முன்கூட்டிக் கணித்துரைக்கின்றனர். முன்னே சென்ற ஊர்தியினர் தாம் பட்டதைப் பின்னே வருவோர்க்கு வானொலியில் அறிவிக்கின்றனர். விமானிகள் விரைவைக் குறைத்தும் உயரத்தை மாற்றியும் அதனைக் கடக்கின்றனர். பியூஜி மலையருகே நிகழ்ந்தது போன்றது இக்காலத்துப் பயணியர் ஊர்திகளுக்கு நேர்வது மிக மிக அரிது.

அறிவு மட்டும் அச்சத்தை நீக்கிவிடுமா எனின், பலர்க்கு நீக்குவதில்லை. அச்சம் உடலையும் பற்றியது. அஞ்சியவர் விரைந்து விரைந்து மூச்சு விடுவர். அதனால் குருதியில் கரியமில வாயு குறையும், தலை சுற்றும், விரல் நுனி மரத்துப் போகும், நெஞ்சு இறுகும். இவை மிகு மூச்சின் விளைவுகள் என்று அறியாதவர், உடலுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று மேலும் அஞ்சுவர். மூச்சு மேலும் விரையும். இச்சுழலை அறுப்பது எளிது. நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளிவிடுதல் வேண்டும். வெளிமூச்சு நீண்டால் நெஞ்சத் துடிப்பு தணியும். இறுகிய கைகால்களைத் தளரவிடுதலும், காலைத் தரையில் ஊன்றிக் குலுக்கத்தோடு உடலை இசையவிடுதலும் பயன்தரும். இறக்கைக்கு நேரே உள்ள இருக்கையில் குலுக்கம் குறைவு, வாற்பகுதியில் மிகுதி. ஊர்தி படுகுழியில் வீழ்வதாகத் தோன்றும்போது முன்னே உள்ள குவளை நீரை நோக்கினால், அது ததும்புவதல்லால் வெளியே சிந்துவதில்லை என்பது பெரும்பாலும் விளங்கும். ‘எனக்கு அச்சமாக இருக்கின்றது’ என்று விமானப் பணியாளரிடம் ஏறும்போதே கூறிவிடுதலில் இழுக்கு ஏதும் இல்லை. சிலர் மதுவை நாடுகின்றனர். அஃது உடலை உலர்த்தும், தெளிவைக் கெடுக்கும், அச்சத்தையோ அடுத்த பயணத்திற்கென எடுத்து வைக்கும்.

ஒவ்வொரு முறையும் பயணத்தைத் தவிர்ப்பவர்க்கு அச்சம் வளருமேயன்றித் தேயாது. நிலையத்திலிருந்து திரும்பிவிட்டால் நெஞ்சம் உடனே இலேசாகும். அவ்விலேசே, ‘ஓடியதனால் பிழைத்தாய்’ என்று உள்ளத்திற்குக் கற்பித்துவிடும். ஆதலின் உளநூல் மருத்துவர் சிறிது சிறிதாகப் பழகுதலையே வலியுறுத்துகின்றனர். முதல் நாள் வானவூர்தியின் படத்தையும் ஒலியையும் காண்பதும் கேட்பதும், பின்னொரு நாள் நிலையத்திற்குச் சென்று ஊர்திகள் ஏறி இறங்குதலை நோக்குதல், அதன்பின் ஒரு மணிக்கும் குறைந்த சிறு பயணம் என்று அது படிப்படியாக அமையும். இம்முறை நமக்குப் புதியதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்கு மயிற்பொறியை ஊரக் கற்பித்த வகையைத் திருத்தக்கதேவர் பாடியுள்ளார். எடுத்த எடுப்பிலேயே அவளை வானத்தில் ஏற்றினானல்லன். மாடங்களின் மேலும் சோலைகளின் மேலும் சில நாள் பையப் பையச் செலுத்திப் பழக்கினான். பின்னர்ப் பேரிடர் வந்துற்ற நாளில், கருவுற்றிருந்த அவ்வரசி தனியளாய் அப்பொறியில் ஏறிச் சென்றாள்.

அஞ்சுவோர்க்கும் அஞ்சாதார்க்கும் பொதுவான செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. 2024-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், லண்டனிலிருந்து சிங்கப்பூர் நோக்கி வந்த ஊர்தி ஒன்று, 211 பயணிகளோடும் 18 பணியாளரோடும் மியன்மா நாட்டின் மேல் 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. உணவு பரிமாறும் வேளை அது. இருக்கை வாரைப் பூட்டுக என்னும் விளக்கு எரிந்து ஏறத்தாழ 8 நொடி சென்றிருக்கும். உள்ளிருந்தோரைக் கீழே அழுத்திக்கொண்டிருந்த விசை, முக்கால் நொடிக்கும் குறைந்த நேரத்தில் திசைமாறி, வார் பூட்டாதவர்களை மேற்கூரைக்கு எறிந்தது. அடுத்த நான்கு நொடியில் மீண்டும் மாறி அவர்களைக் கீழே வீழ்த்தியது. பலர் காயமுற்றனர், ஒருவர் உயிர் நீத்தார், அது மாரடைப்பாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. இத்தனைக்கும் அக்கணத்தில் ஊர்தி இறங்கியது 178 அடியே. அஃது உடையவில்லை, பாங்காக்கு நகரில் நலமே தரையிறங்கியது.

விளக்கு எரிந்த பின்னர் வாரைத் தேடுவோர்க்கு அந்த 8 நொடி போதாது. இருக்கையில் இருக்கும் நேரமெல்லாம் அதனை இடுப்பில் தாழ்வாகவும் சற்று இறுக்கமாகவும் பூட்டியிருத்தலே முறை. விமானிகளும் தம் இருக்கையில் அங்ஙனமே இருக்கின்றனர். கைக்குழந்தைக்கெனத் தாயின் வாரோடு இணைக்கும் சிறு வாரினைப் பல ஊர்திகளில் பணியாளரிடம் கேட்டுப் பெறலாம். இரவுப் பயணத்தில் உறங்குவோர், வாரைப் போர்வைக்குள் மறையாமல் அதன்மேல் பூட்டிக்கொள்வர். குலுக்கம் வரும்போது இருட்டில் விளக்கோடு வரும் பணியாளர், அதனைக் கண்டு, அவர்களை எழுப்பாமலே அடுத்த வரிசைக்குச் செல்வார்.